நீலக் கோடு

ஆமாங்க அண்ணா, நீங்க பார்க்கிறது என் பிள்ளையைத்தான். அந்தப் பச்சைச் சேலை என் சம்சாரம். அவள் தோளுக்கு மேலே ஒரு சின்னத் தலை தெரியுதே, அது என் பொண்ணு. பார்த்ததில் தப்பு ஒண்ணும் இல்லைங்க. பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரன் பார்த்தான். டிக்கெட் போட வந்த கண்டக்டர் சில்லறையைக் கையில் வைச்சுக்கிட்டே பார்த்தார். இவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அந்தம்மா பார்த்துட்டு மூக்கு மேல் விரலை வைச்சாங்க. ரெண்டு காலையும் விரிச்சு, முட்டியை மடக்கி, தோளிலிருந்து பாதம் வரைக்கும் பட்டை போட்டுக் கட்டி வைச்சிருந்தால் யார்தான் பார்க்க மாட்டாங்க?

அடி பட்டது இல்லைங்க. கீழே போட்டுட்டோம்னு நினைச்சிடாதீங்க. அது பெல்ட். பிறக்கும்போதே இடுப்பு மூட்டு சரியா உட்காரலை, அதுக்குப் போட்டது.

பேரா? சஷ்விகா. எனக்கே இன்னும் வாயில் நுழையலை. என் சம்சாரம் போனில் தேடி வைச்ச பேரு. நான் பாப்பான்னு கூப்பிடுறதோட சரி.

உங்க பையை இப்படி என் கால்கிட்ட வைச்சுக்குங்க. கோயமுத்தூர்தானே? நாங்களும் அங்கேதான், ஆஸ்பத்திரிக்கு. இன்னிக்குப் போக வேண்டிய நாளே இல்லை அண்ணா. அடுத்த வாரம்தான் வரச் சொல்லியிருந்தாங்க. இவள் காலையில் பையைக் கட்டிக்கிட்டு வாசலில் நிக்கிறாள். என்னன்னு கேட்டால், "நர்ஸம்மா இன்னிக்கே வரச் சொல்லிட்டாங்க. வர்றதுன்னா வாங்க, இல்லாட்டி நான் மட்டும் போய்க்கறேன்." அவ்வளவுதான் பேச்சு. எனக்கு இன்னிக்கு லோடு இருந்துச்சு. வேற ஆளை ஏத்திவிடச் சொல்லிட்டு வந்தேன். அப்படி வந்தவனை பஸ்ஸில் ஏறினதும், "நீங்க பின்னாடி போய் உக்காருங்க"ன்னுட்டாள். அப்போ அவள் பக்கத்தில் இடம் காலியாத்தான் இருந்துச்சு. இருந்தும் சொன்னாள்.

நான் லாரி ஓட்டுறவன் அண்ணா. செங்கோடன்னு பேரு. திருச்செங்கோட்டில் கல்லெடுத்து எறிஞ்சால் ஒரு லாரிக்காரன் மேலே விழும், இல்லாட்டி ஒரு செங்கோடன் மேலே விழும். நான் ரெண்டும். இந்தத் தொழிலுக்கு யாருங்க பொண்ணு தர்றாங்க? தலை நரைக்க ஆரம்பிச்ச பிறகுதான் கோகிலா கிடைச்சாள். பிள்ளை அதுக்கப்புறமும் தாமதம். பிறந்தப்போ நான் விஜயவாடா பக்கம் லோடோட நின்னேன். போனில் அழுகைச் சத்தத்தை மட்டும்தான் கேட்டேன். நல்ல தொண்டைங்க. ஆரன் அடிக்கிற மாதிரி.

வயித்துக்குள்ளேயே தலை திரும்பலை. உட்கார்ந்தபடியே இருந்தாளாம், ராணி மாதிரி. அதனால் ஆபரேஷன். அப்படி உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு, அதுவும் தலைச்சன் பொம்பளைப் பிள்ளைகளுக்கு இந்தக் கோளாறு வரலாம்னு டாக்டர் பின்னாடி சொன்னார். முன்னாடி யாருக்குங்க தெரியும்? தடுப்பூசி போடப் போன இடத்தில் ஒரு நர்ஸ், துணியை விலக்கிப் பார்த்துட்டு, தொடை மடிப்பு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லையேன்னு சொன்னாங்க. இடது காலை விரிச்சால் மெத்தையைத் தொடுது, வலது கால் பாதியில் நின்னு போகுது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் உள்ளே என்னமோ நழுவுற மாதிரி. அன்னிக்கு ஊசி போட்டதுக்குப் பாப்பா அழுதாள். அதுக்குப் பிறகு நாங்க.

கோயமுத்தூர் டாக்டருக்குச் சின்ன வயசு. மேஜை மேலே பிளாஸ்டிக் எலும்பு வைச்சிருந்தார். அதைக் கழட்டி மாட்டிக் காட்டினார். "இது கிண்ணம், இது பந்து. உங்க பாப்பாவுக்கு வலது பக்கம் கிண்ணத்துல ஆழம் பத்தலை. பந்து வழுக்கிட்டு வெளிய வருது. கால இப்படி மடக்கி விரிச்சு வெச்சிருந்தா பந்து கிண்ணத்துலயே உக்காந்திருக்கும். உக்காந்திருந்தா கிண்ணமும் கூடவே ஆழமாயிடும். அதுக்குத்தான் பெல்ட்."

"ஆகலீன்னா சார்?" இவள்தான் கேட்டாள்.

"ஆகலீன்னா ஆபரேஷன். நெஞ்சுல இருந்து பாதம் வரைக்கும் மாவுக்கட்டு. எதுவுமே பண்ணாம விட்டா, நடக்கும்போது நொண்டும்."

நொண்டும்னு அவர் சொன்னதும் இவள் மேஜைக்கு அடியில் என் கையைப் பிடிச்சாள். பிடிச்ச கையை ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுற வரைக்கும் விடலை. இப்போ பாருங்க. அவள் முதுகைப் பார்த்துக்கிட்டு வர்றேன்.

பெல்ட்டை மாட்டிவிட்டது ஒரு நர்ஸம்மா, பாலக்காட்டுப் பக்கம். முன்பக்கத்துப் பட்டை ஒரு வளையத்துக்குள்ளே நுழைஞ்சு மடங்கி ஒட்டிக்கும். அது வளையத்துக்குள்ளே நுழையுற இடத்தில் நீலப் பேனாவால் ஒரு கோடு போட்டாங்க. "இந்தக் கோடு இங்கதான் இருக்கணும் கேட்டோ. இறுக்கவும் வேண்டாம், தளர்த்தவும் வேண்டாம், கழட்டவே வேண்டாம். குளியல் கிடையாது, துணி நனைச்சுத் துடைச்சா மதி, அது போதும். பாப்பா வளர வளர நாங்களே மாத்தித் தரும்."

நான் நல்லாத் தலையாட்டினேன். ஆனா உள்ளுக்குள்ளே ஒரு சிரிப்பு வந்துச்சுங்க. எலும்பு உங்க தொழில் தாயே. கட்டு என் தொழில்.

இல்லைங்க, பெருமைக்குச் சொல்லலை. ஸ்டியரிங் பிடிக்கிறதுக்கு முன்னாடி நான் கயிறு பிடிச்சவன். லோடு ஏத்தி, தார்ப்பாய் போட்டு, கயிறு வீசிக் கட்டினால் அது செங்கோடன் கட்டுன்னு தூரத்தில் இருந்தே சொல்லுவாங்க. எங்க ஆபீஸில் இன்னிக்கும் புதுசா வர்றவனை, போய்ச் செங்கோடன்கிட்டப் பாருன்னு அனுப்புறாங்க. ஒண்ணு சொல்றேன் கேட்டுக்குங்க. புதுக் கயிறு இழுவும். கட்டும்போது கல்லு மாதிரி இருக்கும். கொஞ்ச தூரம் ஓடினால் தொளதொளன்னு ஆயிடும். அதனால் முதல் டீக்கடையில் ஓரங்கட்டி, டீ குடிக்கிறதுக்கு முன்னாடி லாரியை ஒரு சுத்து சுத்தி வந்து, ஒவ்வொரு கட்டையும் ஒரு விரலால் சுண்டிப் பார்த்து, இன்னொரு இழுப்பு இழுக்கணும். அதைச் செய்யாதவன்தான் வளைவில் லோடைக் கொட்டிட்டு, ரோடு சரியில்லைன்னு சொல்லுவான்.

அப்போ பிள்ளைக்குப் போட்ட பட்டை மட்டும் இழுவாதுங்களா? அதுவும் துணிதானே? பால் சிந்துது, வேர்வை ஊறுது, மூத்திரம் படுது.

இந்தப் பெல்ட்டுக்காக நான் யார் யாரோட சண்டை போட்டிருக்கேன்னு இவளைக் கேளுங்க. எங்க அக்கா பாவாயி பார்க்க வந்துச்சு. வாசலில் செருப்பைக் கூடக் கழட்டலை, அதுக்குள்ளே ஆரம்பிச்சிடுச்சு.

"ஏன்டா, கொழந்தையச் சந்தைக்குப் போற கோழியாட்டம் கட்டிப் போட்டிருக்கறீங்க? நல்லெண்ணெயத் தேச்சு, ரெண்டு காலையும் சேத்து நீவி, சேலையில சுத்திப் போட்டா தானா நேராயிட்டுப் போகுது."

"நேராகக் கூடாதுக்கா. நேரா வெச்சாத்தான் கெட்டுப் போகும்."

"அடப் போடா. நாமெல்லாம் பெல்ட் போட்டுட்டா வளந்தோம்?"

"உனக்குப் போட்டிருக்கணுங்க்கா. கால்ல இல்ல, வாயில."

அன்னிக்குக் கோவிச்சுக்கிட்டுப் போன அக்கா இன்னும் எங்க வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கலை. போகட்டும். என் பிள்ளை நடக்கணும். மத்தது எனக்கு வேண்டாம். இவள் அன்னிக்குச் சிரிச்சாள் அண்ணா. அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்து, வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாள். இந்த வீட்டில் பெல்ட்டுக்கு நான்தான் காவல்னு அவளே சொன்னாள். அதே ஆள்தான் இன்னிக்கு என்னைப் பின்னாடி போகச் சொல்லுது.

பள்ளிபாளையம் வந்திருச்சு போல. பேப்பர் மில் புகை வாடை அடிக்குதே.

ராத்திரி முழுக்க ஓட்டுறவனுக்குப் பகலில் வீடு வேற யாருடையதோ மாதிரி இருக்கும். நான் வந்து செருப்பைக் கழட்டுறப்போ பிள்ளை தூங்கும். நான் தூங்குறப்போ அது முழிக்கும். பால் குடுக்கத் தெரியாது. அந்தப் பெல்ட்டோட துணி மாத்தத் தெரியாது. அழுதால் எதுக்கு அழுவுதுன்னு இவளுக்குத் தெரியுது, எனக்குத் தெரியலை. ஒண்ணே ஒண்ணுதான் எனக்குத் தெரியும். படுத்துக்கிட்டு, பிள்ளையைத் தூக்கி நெஞ்சு மேலே வைச்சு, பாதத்துக்கு நேரா தாடையைக் கொண்டு போவேன். பெல்ட்டோடயே உதைப்பாள் பாருங்க! பட்டை விடுற அளவுக்குக் காலை நீட்டி, குதிகாலால் தாடையில் ஒரு போடு. வலது, இடது, வலது. மூணு நாள் தாடி குத்துறதாலயோ என்னமோ, ஒரு உதை உதைச்சுட்டு ஒரு சிரிப்பு. இவள் வந்து, "பாத்துங்க, கிண்ணம் கிண்ணம்"னு கத்துவாள்.

அப்படி ஒரு நாள் படுத்திருக்கும்போதுதான் பட்டையில் விரலை விட்டுப் பார்த்தேன். என் விரல் உள்ளே போச்சு. போகலாமாங்க? கட்டில் விரல் போனால் அது கட்டே இல்லை. சரி, கொஞ்சம் தளர்ந்திருக்குதுன்னு வலது கால் முன்பட்டையை ஒரு பொடி இழுப்பு இழுத்தேன். வலது பக்கம்தானே கோளாறு. இவள் ஓடி வந்து கையைத் தட்டிவிட்டாள்.

"கோடு இருக்குதில்ல? கோட்டுல நிக்கட்டும்."

"கோடு பேனாவுல போட்டது கோகிலா. கட்டு கையில பாக்கறது."

"அப்ப டாக்டருக்குப் படிச்சிருக்கலாமில்ல?"

கையை எடுத்துட்டேன். பேசினால் சண்டை வளரும். அதுக்கப்புறம் அவள் குளிக்கப் போறப்போ பார்த்துக்குவேன். லோடுக்குப் போயிட்டு வருவேன், விரலை விட்டுப் பார்ப்பேன், ஒரு பொடி இழுப்பு. அடுத்த தடவை இன்னொரு பொடி. முட்டி வயித்துப் பக்கம் ஏற ஏறப் பந்து கிண்ணத்தில் நல்லா அழுந்தும்தானே? டாக்டரே சொன்னாரே, அழுந்தணும்னு. சரி, உட்காரணும்னு சொன்னார். ரெண்டும் ஒண்ணுதானே.

உண்மையைச் சொல்றேன் அண்ணா, அந்தப் பிள்ளைக்கு என் கையால் செய்யத் தெரிஞ்ச ஒரே வேலை அது.

என்ன அப்படிப் பார்க்கிறீங்க? ரொம்ப இறுக்கிட்டேன்னா? இறுக்கம் எனக்குத் தெரியாதுங்களா? எல்லா லோடுக்கும் ஒரே கட்டுன்னு நினைக்கிறவன் நான் இல்லைங்க. எங்க ஆபீஸில் பழனியப்பன்னு ஒருத்தன், மல்லசமுத்திரத்துக்காரன். சிமெண்டு லோடு அடிச்சே பழகினவன். ஒரு தடவை திருச்சூருக்கு முட்டை லோடு ஏத்தினான். சிமெண்டுக்குக் கட்டுற மாதிரியே முட்டைக்கும் கட்டினான். வெளியே இருந்து பார்த்தால் அவ்வளவு அழகு! அட்டை அட்டையா, ஒண்ணு கூடச் சாயலை, ஒரு சத்தம் இல்லை. வழியெல்லாம் தட்டிப் பார்த்துத் தட்டிப் பார்த்துச் சந்தோஷமாப் போயிருக்கான். அங்கே போய்க் கட்டை அவிழ்த்தால், அடி அட்டையெல்லாம் அப்பளமா அமுங்கி, மஞ்சக்கரு லாரிப் பலகை வழியா ஒழுகுது. ஆபீஸே சிரிச்சுச்சு. நான்தான் அதிகமாச் சிரிச்சேன். முட்டைன்னா முட்டைக்குத் தகுந்த கட்டுடா மடையான்னு.

அதனால் எனக்குத் தெரியும்ங்க.

முதல்ல ரெண்டு நாள் பிள்ளை அழுதுச்சுதான். லோடு சரியா உட்காருற வரைக்கும் கயிறும்தான் கத்தும். அப்புறம் அடங்கிட்டாள். அப்படி ஒரு அமைதி. தூக்கினால் தூக்கின இடம், வைச்சால் வைச்ச இடம். வலது கால் சொன்ன பேச்சைக் கேட்டுக்கிட்டு அப்படியே மடங்கி நிக்கும். பார்த்தியா, இதுதான் கட்டுன்னு மனசுக்குள்ளே நினைச்சுக்கிட்டேன். இவளுக்கு அது பொறுக்கலை. பிள்ளை அழுதாலும் குத்தம், அழாட்டியும் குத்தம்.

"ஏனுங்க, இவ வலது கால உதைக்கறதே இல்ல, பாத்தீங்களா?"

"தூக்கத்துல இருக்கும்."

"முழிச்சிட்டுத்தான் இருக்கறா."

"அப்பன மாதிரி சோம்பேறியா இருப்பா. விடு."

நேத்துச் சாயங்காலம் நான் தூங்கி எழுந்து வர்றேன். இவள் பிள்ளையைக் கட்டிலில் போட்டு, குனிஞ்சு பட்டையையே பார்த்துக்கிட்டு இருக்கிறாள். "கோட்டக் காணோம்"னு சொன்னாள். அழிஞ்சிருக்கும்னு சொன்னேன். "அழியலை. வளையத்தத் தாண்டி உள்ள போயிருக்குது. எப்படிப் போச்சு?" துணி சுருங்கியிருக்கும்னு சொன்னேன். பொய்தாங்க, அதுக்கு என்ன இப்போ? வீட்டில் சண்டை வேண்டாம்னு சொல்ற பொய்யெல்லாம் பொய்யில் சேர்த்தியா? அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிள்ளையைத் தூக்கிக்கிட்டு உள்ளே போயிட்டாள். திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை.

காலையில் எழுந்ததும் நர்ஸம்மாவுக்குப் போன். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நான் சட்டை மாட்டிக்கிட்டு நிக்கிறேன், என் காதில் விழுற மாதிரியே பேசினாள். போனை வைச்சுட்டு வந்து முன்பட்டையைப் பிரிச்சுத் தளர்த்திவிட்டாள். எனக்குக் கோபம் வந்துடுச்சு.

"யாரக் கேட்டுத் தளத்துன?"

"கேக்க வேண்டியவங்களக் கேட்டுத்தான். காலு அளவுக்கு மேல மடங்குனா தொடை நரம்பு அமுங்குமாம். அதுதான் உதைக்க மாட்டேங்கறா. பட்டையத் தளத்திட்டு உடனே கூட்டிட்டு வாங்கன்னாங்க. சீக்கிரம் பாத்தா சரியாயிடுமாம்."

நரம்பாம்! இங்கே இருக்கிற காலில் இருக்கிற நரம்பு கோயமுத்தூரில் போன் பிடிச்சுக்கிட்டு இருக்கிற அம்மாவுக்குத் தெரியுதா அண்ணா? நீங்களே சொல்லுங்க. இத்தனை நாள் அழுந்தி உட்கார்ந்த பந்து, இவள் தளர்த்தின தளர்த்தலில் வெளியே வந்துட்டால் யார் பொறுப்பு? ஆபரேஷன்னு சொல்லிட்டால்? அந்த மாவுக்கட்டில் பிள்ளையைப் பார்க்கணுமா நான்?

அங்கே பாருங்க, எட்டிப் பாருங்க. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறானே, அவன் நகரட்டும். தெரியுதுங்களா? பட்டை எப்படித் தொங்குதுன்னு. பஸ் குலுங்குற ஒவ்வொரு குலுக்கலுக்கும் எனக்கு இங்கே நெஞ்சில் இடிக்குது. ஒரு இழுப்புப் போதும். செக்போஸ்ட் வர்றதுக்கு முன்னாடி ஓரங்கட்டி, தார்ப்பாயை நேராக்கி, கயிறை இழுத்துவிட்டுட்டுப் போற மாதிரி. டாக்டர் பார்க்கும்போது கட்டு கட்டா இருக்கணும். இல்லாட்டி நாங்கதான் சரியாப் பார்த்துக்கலைன்னு சொல்லுவாங்க. எப்படியும் ஈரோட்டில் இவள் இறங்கியாகணும். பாப்பாவுக்குப் பால் கொடுத்துட்டு இவள் தண்ணி நிறையக் குடிக்கிறாள், பார்த்துக்கிட்டுத்தானே வர்றேன். அப்போ பிள்ளையை என்கிட்டத்தான் தரணும். வேற யாருகிட்டத் தருவாள்?

ஈரோடு. சொன்னேன் இல்லைங்களா, எழுந்திரிக்கிறாள்.

வா வா. குடு இப்படி. தலைக்குக் கை குடுத்துட்டேன், விடு. நான் என்ன இன்னிக்குத்தான் தூக்குறேனா?

கேட்டீங்களா அண்ணா அவள் உங்ககிட்டச் சொல்லிட்டுப் போனதை? "அண்ணா, இவரு பெல்ட்டத் தொட்டாருன்னா எனக்குச் சொல்லிப் போடுங்க"வாம்! பேர் தெரியாத மனுசனை என்மேல் காவல் வைச்சுட்டுப் போகுது பாருங்க. கூட்டத்தில் அந்தக் கண்டக்டர் சிரிக்கிறார். சிரிங்க சார், சிரிங்க. பாப்பா, உங்கம்மாவைப் பார்த்தியா சாமி? உங்கப்பன் திருடன்டி.

எவ்வளவு கனமாயிட்டாள். ஒரு வாரமா நெஞ்சு மேலே போட்டுக்கலை, அதுதான் தெரியலை.

பாருங்க, விரல் என்ன, ரெண்டு விரல் போகுது. இது பெல்ட்டா, ஊஞ்சலா? அண்ணா, ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் ஜன்னலைப் பாருங்க. அங்கே முறுக்கு விக்கிறான் பாருங்க. நீங்க பார்த்தால்தானே சொல்லணும். ஒரு பொடி இழுப்புத்தான், அவள் வர்றதுக்குள்ளே.

என்னங்க? உதைக்கிறாளாவா? ஏன் உதைக்க மாட்டாள்? நல்லாக் கேட்டீங்க. இவள் உதைச்சுத்தான் என் தாடையே இப்படிக் கோணிப் போச்சு. இருங்க, காட்டுறேன். பட்டை எங்கேயும் ஓடிப் போகாது. இதோ பாருங்க, இடது பாதம். நகத்தால் லேசா ஒரு கோடு இழுக்கிறேன். பார்த்தீங்களா? வெடுக்குன்னு! அடி கழுதை. நான் சொன்னேன் இல்லை?

இது வலது. விரல் மடங்குது பாருங்க, கூச்சம் இருக்குது. உதை சாமி. பாதம் அசையுது. முட்டிதான் நீளலை. இருங்க. சிலசமயம் ரெண்டு தடவை பண்ணணும். உதைடி தங்கம். அப்பா வந்திருக்கேன்.

தூங்குறாளா? இல்லைங்க, கண்ணை நல்லாத் திறந்து உங்களைத்தான் பார்க்கிறாள். சிரிக்கிறாள் கூட.

தாடையைக் கொண்டு போறேன். வீட்டில் அப்படித்தான். சேவிங் பண்ணலை, குத்தும், குத்தினால் கட்டாயம் உதைப்பாள். இது இடது, ஒரு போடு போட்டுட்டாள். இதோ வலது. பாப்பா. பாப்பா, இங்கே பாரு. அப்பா தாடை. குத்துதா? குத்துதில்ல? உதை. தள்ளிவிடு சாமி. ஒரே ஒரு தடவை.

இப்போதான் தளர்த்தியிருக்குதே. பட்டை ஒண்ணும் தடுக்கலை. நீட்டலாமே. நீட்டுறதுக்கு இடம் இருக்குதே.

எப்போ கடைசியா உதைச்சாள்? இந்தக் காலால்? அக்கா வந்தப்போ உதைச்சாள். நான் முதல் தடவை இழுத்த அன்னிக்கு உதைச்சாள், அதனால்தானே விரலை விட்டுப் பார்த்தேன். அதுக்கப்புறம் குண்டூர் லோடு. போயிட்டு வந்து...

போயிட்டு வந்து இழுத்தேன்.

இந்தா இருக்குதுங்க கோடு. இவள் தளர்த்தினதில் வெளியே வந்திருக்குது. நீலமே மாறலை. வளையம் இங்கே நின்னிருக்கு போல, துணியில் தடம் பதிஞ்சிருக்குது பாருங்க. கோட்டுக்கும் தடத்துக்கும் நடுவில் எவ்வளவு இருக்குது? ஒரு பொடி ஒரு பொடின்னுதானே இழுத்தேன். இவ்வளவாங்க? பிள்ளையும் வளர்ந்திருக்குது. அதை நான் பார்க்கலை. கயிறு தளரும்னுதான் தெரியும். லோடு வளரும்னு எனக்குத் தெரியாது அண்ணா.

வெளியே ஒண்ணும் தெரியலைங்க. ஒரு சத்தம் இல்லை. அவ்வளவு அழகா இருந்துச்சு.

இல்லைங்க, ஒண்ணும் இல்லை. கண்ணில் தூசி. தண்ணி வேண்டாம்.

நர்ஸம்மா சரியாயிடும்னுதான் சொல்லியிருக்காங்க. சீக்கிரம் பார்த்தால் சரியாயிடுமாம். அவள் அப்படித்தானே சொன்னாள்? நான் காதில் வாங்கினேனா இல்லையான்னே தெரியலை. டிரைவர் டீ குடிக்கிறார் பாருங்க. கிளாஸைக் கையில் வைச்சுக்கிட்டு யாரோடயோ கதை பேசுறார். இந்த மாதிரி ஆளுங்களை எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் நிப்பேன். போய்க் கூப்பிட்டால் இன்னும் நிதானமாக் குடிப்பார். சார்! டிரைவர் சார்! நேரமாச்சுங்க!

அதோ வந்துட்டாள். கையில் சுடுதண்ணிப் பிளாஸ்க். கூட்டத்தில் எட்டி எட்டி இந்த ஜன்னலைத்தான் பார்த்துக்கிட்டு வர்றாள். என் கையைப் பார்க்கிறாள். அண்ணா, அவள் கேட்டால் நான் தொடலைன்னு சொல்லுங்க. தொடலைதானே? நீங்களே பார்த்தீங்க.

இல்லை, வேண்டாம். நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். இன்னிக்குத் தொடலைன்னு சொல்லி என்ன ஆகப் போகுது.

அங்கே போனதும் டாக்டர் முதல்ல அதைத்தான் கேட்பார், யார் இறுக்கினது, எப்போ இருந்துன்னு. இவள் துணி சுருங்கிப் போச்சுன்னு சொல்லுவாள். எனக்காகச் சொல்லுவாள் அண்ணா, அப்படிப்பட்டவள். அந்தப் பொய்யை வைச்சுக்கிட்டு அவர் என்ன வைத்தியம் பார்ப்பார்? எப்போ இழுத்தது, எவ்வளவு இழுத்ததுன்னு என் ஒருத்தனுக்குத்தானே தெரியும்.

தப்பா நினைச்சுக்காதீங்க, ஒரு உதவி. நீங்க முன்னாடி போய் உட்கார்ந்துக்கிறீங்களா? லேடீஸ் சீட் வேண்டாம், அந்தம்மா கத்துவாங்க. டிரைவருக்குப் பின்னாடி ஒண்ணு காலி இருக்குது பாருங்க, காத்து நல்லா வரும். இந்த இடம் அவளுக்கு வேணும். கோகிலா, அங்கே போகாதே. இங்கே வா. வந்து உக்காரு. நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இல்லை, தொடலை, சத்தியமாத் தொடலை. அது இல்லை. உக்காரு முதல்ல.

உங்க பையை நீங்களே எடுத்துக்குங்க அண்ணா, மன்னிச்சுக்குங்க. என் உள்ளங்கை இந்தப் பாதத்துக்கு அடியில் இருக்குது. உதைச்சாள்னா எனக்குத் தெரியணும்.